லேசான பாதையால் ஏறவே மாட்டாத பாலன் அண்ணை

பாலன் அண்ணை போய்விட்டார்.

காலையில் அவருடைய மனைவி ரஞ்சி அக்கா போன் எடுத்து அழுதுகொண்டே சொன்னார். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். நெஞ்சு இறுக்குகிறது என்று மனிதன் கட்டின மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. வாயு என்று தானே முடிவெடுத்து, இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு டியூட்டிக்கு வந்து, அங்கேயிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தெரியாதவர்களுக்கு... தென் லண்டனில் ஒரு பஸ் டிப்போவில் நானும் அவரும் பல வருடங்களாக டிரைவர்கள். அவருடைய வீடு கோலியர்ஸ் வுட்டில். கன்டீனில் எனக்கு முன்னால் வந்திருந்து, என் சாப்பாட்டை எட்டிப் பார்த்து, "உந்தளவு சோறு கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் சோற்றைச் சாப்பிடுகிற ஆள்.

அவருடைய மகள் அயர்லாந்தில் டப்ளினுக்கு வேலைக்குப் போன பிறகுதான் எனக்குச் சனியன் பிடித்தது. மகளைப் பார்க்கப் போனவர் பக்கத்தில் ஒரு மலையைப் பார்த்துவிட்டு வந்தார். பெயர் சுகர் லோஃப்.

மலை என்றால் பெரிய மலையும் இல்லை. ஐந்நூறு மீற்றர்தான். உச்சி மட்டும் கூராக நிற்கும், அங்கே நின்றால் கடல் தெரியும்.

"எனக்கும் சுகர், மலைக்கும் சுகர். டொக்டர் நடக்கச் சொல்லிப்போட்டார். நீயும் வா தம்பி."

எனக்குச் சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மலைக்கு லேசான பாதை ஒன்று இருக்கிறது. கார் பார்க்கில் இறங்கினால் உச்சி கண்ணுக்கு முன்னால். கடைசியில் மட்டும் கொஞ்சம் கல்லைப் பிடித்து ஏற வேண்டும். சின்னப் பிள்ளைகள், நாய்கள் எல்லாம் ஏறுகின்றன.

இவர் அங்கே காரை நிப்பாட்டவே விடவில்லை.

"மற்றப் பக்கத்தாலை போவம். ஊருக்குள்ளாலை ஒரு பாதை இருக்கு."

"ஏன் அண்ணை? மலை இஞ்சை முன்னாலை நிக்குது!"

"கிழமை முழுக்க ஒரே ரூட்டிலைதானே ஓடுறம். இஞ்சையும் கொன்ட்ரோலர் சொல்லுற ரூட்டே?"

மற்றப் பக்கம் முட்பற்றையும் சேறும். ஓர் இடத்தில் என் புதுச் சப்பாத்து சேற்றுக்குள் நின்றுவிட்டது, கால் மட்டும் மேலே வந்தது. "பரவாயில்லை, சேறு உடம்புக்கு நல்லது" என்றார். எந்த டொக்டர் சொன்னாரோ தெரியாது.

அடுத்த முறை நான் மறுத்துவிட்டேன். கார் பார்க்கில் நின்றே சண்டை. கடைசியில் ஒரு சமாதானம்... அவரை மற்றப் பக்கம் இறக்கிவிட்டு நான் லேசான பாதையால் ஏறுவது, உச்சியில் சந்தித்துத் தேத்தண்ணி குடிப்பது. பிளாஸ்க் அவரிடம்.

நான் ஏறிவிட்டேன். இருந்தேன், இருந்தேன்... ஆள் வரவில்லை.

காற்று அடித்தது. மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. உச்சியில் நின்ற சனம் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விட்டது. போன் அடித்தால் எடுக்கிறார் இல்லை.

சுகர் இறங்கி எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ... ரஞ்சி அக்காவுக்கு என்னவென்று சொல்வது... அவருடைய பக்கத்தால் இறங்கினேன். அயர்லாந்து மலையில் "பாலன் அண்ணை! பாலன் அண்ணை!" என்று கத்தினேன். செம்மறி ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது.

பாதி வழியில், ஒரு கற்சரிவில் இருந்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஐம்பது வயது இருக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு இவருடைய கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். தனியாக ஏற வந்தவர், கல் சறுக்கியதும் பயம் பிடித்து மேலேயும் கீழேயும் அசைய முடியாமல் நின்றிருக்கிறார்.

"போனை எடுக்கிறதுக்கென்ன அண்ணை!"

"போன் முதுகுப் பைக்குள்ளை கிடக்கு. கையை விட்டா மனுசி இன்னும் பயப்பிடுது. கத்தாமல் மற்றக் கையைப் பிடி."

பிடித்தேன். இருவருமாக ஒவ்வோர் அடியாக இறக்கினோம். ஒவ்வோர் அடிக்கும் "ஹோல்ட் டைட் ப்ளீஸ்" என்றார், பஸ்ஸில் சொல்வதுபோல. அந்தப் பெண்ணுக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

கீழே வந்ததும் அந்தப் பெண் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தார். இவர் எப்போதும் இப்படித்தானா என்று என்னிடம் கேட்டார். எரிச்சலில் தமிழிலேயே "ஓம்" என்றுவிட்டேன்.

தேத்தண்ணி முழுவதையும் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து முடித்திருந்தார். நான் விட்டுவந்த கார் மலைக்கு அந்தப் பக்கம். றோட்டால் சுற்றி, மழைக்குள் நடந்தோம்.

"அப்ப இதோடை இன்னொரு ரூட்டும் பாத்தாச்சு" என்றார். நான் அவருக்கு முன்னால் விறுவிறென்று நடந்தேன்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நெஞ்சில் வயர்கள். மெலிந்துபோயிருந்தார். நான் கதிரையில் இருக்கமுன் போனை எடுத்து மலையின் படத்தைக் காட்டினார்.

"மேற்குப் பக்கத்தாலை நாங்கள் இன்னும் ஏறேல்லை. மே மாசம் லீவு போடு."

"முதல்லை இந்தக் கட்டிலாலை இறங்குங்கோ அண்ணை!"

நேர்ஸ் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். ரஞ்சி அக்கா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திட்டிக்கொண்டேதான் வந்தேன். ஆனால் அடுத்த நாளே டிப்போவில் லீவு கேட்டேன்.

நேற்றுக் கிடைத்துவிட்டது. இன்று பின்னேரம் வந்து சொல்ல இருந்தேன்...

ஒரு நாள் பொறுக்க ஏலாதோ அண்ணை?

சரி. போயிட்டு வாங்கோ.