பங்குப் பன்றி

துரை பங்களாவில் ஒரு வெள்ளைப் பன்றியை விலைக்குத் தருகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னதும், "ஏன் தர்றாங்க?" என்றுதான் நான் கேட்டேன்.

"ஏன்னா? வேணாம்னு தர்றாங்க."

"சீக்கா?"

"நான் பாத்துட்டுத்தான் வர்றேன். கொழுகொழுன்னு இருக்கு. சினை வேற."

"சினையா இருக்கறத யாராச்சும் மலிவா விப்பாங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்கு யாரு எதைத் தந்தாலும் சந்தேகம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

லிந்துலைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் அது. அவருக்கு ஸ்டோரில் வேலை, தேயிலை அரைக்கிற இடத்தில். நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் அவருடைய அக்காவும் அக்கா புருஷனும் இருந்தார்கள். நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் எடுத்து நீட்டலாம் என்கிற மாதிரி.

பன்றி வளர்த்தால் கட்டுமா என்று அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் பல நாள் பேச்சு நடந்தது. பங்களா அப்பு, துரையின் சமையல்காரர், பெரிய கதையெல்லாம் சொல்லியிருந்தார். துரையின் ஊரில் சின்னக் குடியானவர்கள் வீட்டுக்கு இரண்டு பன்றி வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்களாம். சீமையில் கட்டுகிறது லயத்தில் கட்டுமா? அப்போதுதான் புதுச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களான எங்கள் ஆட்களின் ஓட்டெல்லாம் பறிபோயிருந்தது. யார் இங்கே இருக்கப்போகிறார்கள், யார் திரும்ப ஊருக்குக் கப்பலேறப் போகிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. கொட்டில் போட நாலு கம்பு வெட்டினாலே, "என்ன, இங்கேயே இருக்கறதா முடிவு பண்ணிட்டீங்களா? ஆபீசுல ஏதாவது சொன்னாங்களா?" என்று கங்காணி வந்து கேட்டார். நமக்குத் தெரியாதது ஏதோ பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

கடைசியில் இரண்டு குடும்பமும் பாதிப் பாதி போட்டுப் பன்றியை வாங்கினோம். கோயிலுக்குத் தள்ளி, ஓடைக்கு அந்தப்புறம் கொட்டில் போட்டுக்கொள்ள துரையிடம் உத்தரவும் கிடைத்தது. அதுவே எனக்கு ஆச்சரியம். ஒரு கோழிக்கூடு வைக்கவே ஆயிரம் கேள்வி கேட்கிறவர், பன்றிக்கு மட்டும் தலையை ஆட்டினார்.

தீனி போடுவது நாத்தனார் பொறுப்பு. அவர் சொல் குறைவு, கை வேகம். மண்ணெண்ணெய் டின்னில் வத்தாளைக் கிழங்குக் கொடி, பூசணி, கஞ்சித் தண்ணீர், தலவாக்கலைக் கடையில் வாங்கிய புண்ணாக்கு எல்லாவற்றையும் போட்டு வேகவைப்பார். பன்றி அவர் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கும்.

குட்டி போட்டது ஒரு மழை நாள் காலையில். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "எட்டு! எட்டுக் குட்டி!" என்றார். நான் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விட்டேன். நாத்தனாருக்கு அன்றைக்குக் கால் சுளுக்கு, வேலைக்குப் போகவில்லை. சாயந்திரம் நாங்கள் திரும்பியபோது கொட்டிலில் ஐந்துதான் இருந்தன.

"மூணு எங்க அக்கா?"

"நான் மத்தியானம் தீனி கொண்டு போனப்ப அஞ்சுதாம்பா இருந்துச்சு."

"காலையில எட்டு இருந்துச்சு. நான் என் கண்ணால எண்ணுனேன்."

"அப்ப நரி வந்துருக்கும்."

மறுநாள் இன்னொரு குட்டியையும் காணவில்லை, நாலுதான் மிச்சம். நரி வந்ததற்குக் கொட்டிலில் எந்த அடையாளமும் கிடையாது. கம்பு ஒன்றுகூட அசையவில்லை. கீழே வைக்கோல் ஈரமாகக் கிடந்தது, அவ்வளவுதான். குட்டி போட்ட இடம் அப்படித்தானே இருக்கும் என்று யாரும் அதைக் கிளறிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வட்டகொடையில் கட்டிக்கொடுத்திருந்த மகளைப் பார்க்கப் போனார். கையில் ஒரு கூடை, மேலே துணி போட்டு மூடியிருந்தது. திரும்பி வரும்போது தோளில் புதுக் கம்பளி. குளிருக்கு மகள் கொடுத்தாளாம்.

"கூடைய ஏன் மூடிக்கிட்டுப் போவணும்?" என்றார் இவர், இரவு சோற்றில் கை வைத்தபடி.

"மெதுவா பேசுங்க. சுவத்துக்கு அந்தப்பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும். புதுசாக் கம்பளி வாங்கித் தர மருமகனுக்கு எங்கிருந்து காசு வருது?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அன்று முதல் இரண்டு காம்பராவிலும் ஆட்கள் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார்கள். கத்திப் பேசியபோது யாருக்கும் யார் மேலும் வருத்தம் வரவில்லை. குரலைத் தாழ்த்தியதும், என்ன பேசுகிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தோம்.

நாத்தனாரின் கணவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், சாதுவான ஆள். ஆனால் தவறணையில் இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு அவர் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. "எட்டுன்னு சொன்னது அவன் ஒருத்தன்தான். எட்டு இருந்துச்சுன்னு வேற யாரு பாத்தா? மூணைக் காலையிலயே ஸ்டோர் பக்கம் தள்ளிவிட்டுட்டு வந்து எட்டுன்னு சத்தம் போட்டா யாருக்குத் தெரியும்?" என் வீட்டுக்காரர் எண்ணியதை நானும் பார்க்கவில்லைதானே.

என் வீட்டுக்காரர் கொட்டில் கதவுக்குப் பூட்டு ஒன்று வாங்கி மாட்டினார். மறுநாள் இவருடைய மச்சான், அக்கா புருஷன், பக்கத்தில் இன்னொரு பூட்டு மாட்டினார். இரண்டு சாவியும் சேர்ந்து வந்தால்தான் பன்றிக்குச் சாப்பாடு. ஒருவர் வர நேரமானால் அது போடுகிற கூச்சல் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களம் வரைக்கும் கேட்கும். "பன்னிக்குக் கூட பேங்கு மாதிரி ரெண்டு பூட்டாம்" என்று லயமே சிரித்தது. குழம்பும் ரசமும் அந்தச் சுவரைத் தாண்டிக் கைமாறி வந்தது நின்றுபோனது.

மிஞ்சிய நாலையும் வளர்த்து நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, தலவாக்கலை முதலாளி ஒருவரிடம் விற்றோம். அவர் சிங்களவர், இறைச்சிக் கடை வைத்திருந்தார். தராசை மரக்கிளையில் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்தபோது, ஆண்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று முள்ளையே பார்த்தார்கள். அவருக்கும் சிரிப்பு. "மம, நான் திருடன்னு நினைக்கிறதா? இல்ல, ஒருத்தனுக்கு ஒருத்தன் திருடனா?" என்று அரைத்தமிழில் கேட்டார். புண்ணாக்குக் கடனை அடைத்தபின் கையில் நின்றது சொல்லும்படியாக இல்லை. எட்டும் இருந்திருந்தால் கட்டியிருக்கும். அந்த நாலு எங்கே என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பன்றியை மறுபடி பங்களாவின் ஆண் பன்றியிடம் விட்டுச் சினையாக்கினார்கள். அடுத்த ஈற்றுக்கு நாள் நெருங்கியபோது என் வீட்டுக்காரர் என்னிடம், "நீ வேலைக்குப் போவாத. அங்கேயே உக்காந்துக்க. அக்கா கை எங்க போவுதுன்னு பாரு" என்றார். அடுத்த காம்பராவிலும் இதே உத்தரவு போயிருக்க வேண்டும். காலையில் நான் சாவியோடு ஓடைப்பக்கம் போனால், நாத்தனார் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் ஒரு பேர் போயிற்று, அதாவது ஒரு நாள் கூலி.

கொட்டிலுக்குள் இந்த மூலையில் நான், அந்த மூலையில் அவர். முற்பகலில் பன்றி படுத்தது. முதல் குட்டி வந்தது, இரண்டாவது வந்தது. இரண்டும் தட்டுத் தடுமாறி அதன் முகத்துப் பக்கமாக நகர்ந்து போயின. அது சட்டென்று எழுந்தது. மூக்கால் ஒன்றைத் தள்ளி முகர்ந்தது. தாய் நக்கப் போகிறது என்று நினைத்தேன். வாயைத் திறந்து தலையோடு கவ்வியது. கீச்சென்று ஒரு சத்தம். பிறகு எலும்பு நொறுங்குகிற சத்தம். பன்றி கண்ணை மூடிக்கொண்டு, வேகவைத்த பூசணியைத் தின்பது மாதிரியே தின்றது.

"ஏ புள்ள, படங்க விரி!" என்று நாத்தனார் கத்தினார். பல மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கையிலிருந்த கம்பைப் பன்றியின் வாய்க்குக் குறுக்கே கொடுத்துக்கொண்டு, இரண்டாவது குட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அதைச் சுருட்டிக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொன்றும் விழ விழ அவர் எடுத்து நீட்டுவார், நான் மூலையில் கிடந்த கூடையில் போடுவேன். ஏழு குட்டி தப்பின. அவர் கையில் கடிபட்டு ரத்தம் வழிந்தது.

கூடையை வீட்டுக்குக் கொண்டு வந்து அடுப்போரம் வைத்துச் சூடுகாட்டினோம். "மதினி" என்று ஆரம்பித்தேன்.

"மஞ்சப்பொடி எடு" என்றார் அவர். காயத்துக்கு நான் மஞ்சள் வைத்துக் கட்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அன்னிக்கு வட்டகொடைக்குக் கூடையில மக முழுகாம இருக்கான்னு வடையும் மாங்காயும் கொண்டு போனேன். கண்ணு படும்னுதான் மூடுனேன்" என்றார்.

ஆண்கள் வந்ததும் நடந்ததைச் சொன்னோம். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். இரண்டு பேரும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பெத்த தாய் திங்குமா?" என்றார் என் வீட்டுக்காரர். "காலையில வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல. இப்ப ரெண்டு பேரும் ஒரே பாட்டுப் பாடுறீங்க. என்ன பேசி வச்சுக்கிட்டீங்க?"

நாத்தனார் கட்டை அவிழ்த்துக் கையை நீட்டினார். "இது நான் கடிச்சுக்கிட்டதா தம்பி?"

என் வீட்டுக்காரர் வெளியே இறங்கினார். மச்சானும் பின்னாலேயே போனார். ஒன்றாய் நடந்து போனாலும் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி. நேரே பங்களாக் குசினிக்குப் போயிருக்கிறார்கள். அப்பு வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஆமா, திங்கும். அதுக்குத்தானே துரை தள்ளிவிடச் சொன்னாரு. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாராம்.

திரும்பி வரும் வழியில் மச்சான், "ஒனக்கு இது மொதல்லயே தெரியுமா?" என்று இவரைக் கேட்டிருக்கிறார். அதற்கும் ஒரு சண்டை.

பன்றியை உடனே இறைச்சிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆண்கள் இரண்டு பேரும் நின்றார்கள். நாத்தனார் விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார், நானும் கூடப் போனேன். பன்றி அலுத்துப்போய்ப் படுத்திருந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாக மடியில் விட்டோம். அது ஒரு தடவை உறுமிவிட்டுப் பேசாமல் பால் கொடுத்தது. "அந்த நேரத்துக்குத்தான் அதுக்குக் கிறுக்கு. அந்த ஒரு நாளு பக்கத்துல ஆளு இருந்தாப் போதும்" என்றார். ஏழும் பிழைத்தன.

அடுத்த ஈற்று வந்தபோது நாத்தனார் என்னைக் கூப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தம்பிய வரச்சொல்லு" என்றார். இவர் ஸ்டோருக்கு லீவு சொல்லிவிட்டுப் போனார். நான் தீனி டின்னைக் கொண்டுபோய் வைக்கும்போது பார்த்தேன். அக்கா குனிந்து ஒவ்வொரு குட்டியாக எடுத்துச் சாக்கால் துடைத்து நீட்டுகிறார், தம்பி வாங்கிக் கூடையில் வைக்கிறார். கடைசிக் குட்டியை வாங்கியபோது அவர் மெல்ல, "ஒம்போது, அக்கா" என்றார்.

"எண்ணிக்க" என்றார் நாத்தனார். "நல்லா எண்ணிக்க."

இவர் தலையை நிமிர்த்தவில்லை.

அந்த ஒன்பதும் வளர்ந்து விலைபோனபோது, பன்றி வளர்த்தால் கட்டும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. தீனிச் செலவு போக இரண்டு வீட்டிலும் மிச்சம் நின்றது. லயத்தில் வேறு சிலரும் கொட்டில் போட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் பொங்கியது. இன்னொரு வெள்ளைப் பெட்டை வாங்கி, கொட்டிலைப் பெரிதாக்கி, நானுஓயா வரைக்கும் வியாபாரம் பண்ணலாம் என்று சுவரைத் தட்டிச் சொன்னார்.

மறுநாள் நாத்தனார் எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தன் பங்கைத் தனியாகப் பிரித்துத் தரச் சொன்னார். டயகமப் பக்கம் ஒரு பசு விலைக்கு வந்திருக்கிறதாம்.

"பசுவா? பன்னிதான் இப்ப கட்டுதே அக்கா. வா, சேந்தே பண்ணுவோம்."

"இல்லப்பா. பசு ஒரு தடவைக்கு ஒண்ணுதான் போடும். யாரும் எண்ணிப் பாக்க வேண்டியதில்ல."

இவர் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு பலமாகச் சிரித்தார். நாத்தனார் சிரிக்கவில்லை. நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை எங்கள் வாசல் தண்ணீர்ப் பீலியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் காம்பராவுக்குப் போனார்.