பதினான்கு தப்படிப் புல்தரை

அன்று காலை அந்தத் தகரக் குவளையைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர்: கிளப் செக்ரட்டரி துரை, அவருடைய கிளார்க், என் அத்தை, நான். புல்தரையை அத்தனை சிறிதாக்கிய துரை வரவில்லை. அவர் எப்போதோ சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அத்தை நின்றாள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

குமுளிக்குப் போகும் வழியில், கூடலூருக்கு மேலே, மலை ஏறியதும், தோட்டத்துத் துரைமார் கோல்ஃப் ஆடும் மைதானம் இருந்தது. அடித்துக்கொண்டு வரும் பந்தைக் கடைசியில் மெல்ல உருட்டிக் குழியில் தள்ளுவதற்கென்று, பாய் விரித்ததுபோல் ஒட்ட வெட்டிய புல்தரை. அந்தக் குழிக்குள் பதித்திருந்ததுதான் தகரக் குவளை. ஒன்பது வருடம் அந்தத் தரைக்குத் தண்ணீர் சுமந்து களை பிடுங்கியவள் அத்தை. முன்பு தரை அகலமாக இருந்தது. தினமும் குவளையைப் பிடுங்கி வேறொரு மூலையில் பதிப்பாள். மிதிபட்ட இடம் தானாகத் தேறிவிடும். சீமையிலிருந்து வந்த துரை அதைப் பதினான்கு தப்படிக்குக் குறுக்கினார். குறி சிறுத்தால்தான் ஆட்டக்காரனின் கை தெரியும், இப்போது இதுதான் புது முறை என்றாராம். இருக்கலாம். மிதிக்கிற கால்கள் குறையவில்லையே! குவளையை எங்கே மாற்றினாலும் நேற்று மிதிபட்ட இடத்திலேயே போய் நின்றது.

“லாடம் அடிச்ச பூட்ஸுக் காலோட அம்புட்டுப் பேரும் இங்கனயே சுத்துறாக. புல்லு எப்புடிப் பொழைக்கும்?” என்று அத்தை சிரிப்பாள். கோடையில் நடுத்தரை வழுக்கை விழுந்தது. அவள் சோம்பேறித்தனம் என்று பேச்சு எழுந்ததும் சிரிப்பு நின்றது. வேலை போனால் குடியிருந்த லயத்து அறையும் போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்தில் கொடுத்தால் எவரும் கேட்பார்கள் என்று மனதார நம்பினேன். “ஏலே, வேணாம். நான் வாயால சொல்லிக்கிறேன். காயிதம்னா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்” என்றாள் அத்தை. நான் விடவில்லை. தரை எதுவரை விரிய வேண்டும் என்று அவள் சுற்றிலும் முளைக்குச்சி அடித்தாள். நான் அளந்து இங்கிலீஷில் மனு எழுதினேன்.

குவளையருகே நின்று செக்ரட்டரி துரை மனுவைப் படித்து முடிக்கவில்லை, முகம் சிவந்துவிட்டது. கிளார்க் அவர் சொன்னதைத் தமிழில் ருசித்துச் சொன்னார்: “ஏத்தா, புல்லுப் பிடுங்குறவ எங்களுக்கே பிளான் போட்டுக் குடுக்கிறியான்னு கேக்குறாக.”

“பிளானு எனக்கென்னங்க தெரியும்? கால் தடந்தான் தெரியுது. துரையவே குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க.”

கிளார்க் இதைத் துரையிடம் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஒரு பக்கம் இங்கிலீஷ் எழுதியவனுக்கு ஒரு வாக்கியம் பேச வரவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அத்தையை மலையிறங்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரான கோம்பைக்குப் போகும் வழியெல்லாம் என் மூட்டையையும் அவளே சுமந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறு வருடம் குமுளிக்குப் போகும்போது எட்டிப் பார்த்தேன். புல்தரையை விரித்திருந்தார்கள். சரியாக அத்தை அடித்த முளைகள் வரை. ஒரு முளையைப் பிடுங்கக்கூட இல்லை. செக்ரட்டரி துரையின் யோசனை என்று கிளார்க் பெருமையாகச் சொன்னார். தகரக் குவளை புது மூலையில், நல்ல பச்சைப் புல்லுக்கு நடுவே பதிந்திருந்தது. அந்தப் பச்சைக்கு எங்கள் பக்கத்துச் செலவு: ஒன்பது வருட வேலை, லயத்து அறை, ஊரில் புதிதாகப் பிழைக்க அத்தை விற்ற இரண்டு வெள்ளாடுகள், மனு எழுதிய காகிதத்துக்கு ஓரணா.