ஆமைமுனையில் யாரும் கேட்பதில்லை

இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, மணல் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் ஆமைமுனை வரும். பதினேழு குடிசை, ஓர் உப்புநீர்க் களப்பு, கரையில் ஏற்றி வைத்த ஒன்பது படகு. இதற்கு ஊர் என்று பெயர் வைத்தவன் தாராள மனசுக்காரனாகத்தான் இருக்க வேண்டும். கரண்ட் வந்தே ஆறு வருஷம்தான் ஆகிறது. போனில் பேச வேண்டுமென்றால் தெற்குப் பக்கத்துப் பாறையில் ஏறி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் பேச்சு அறுந்துவிடும்.

அலைப்பலகையைத் தூக்கிக்கொண்டு எப்போதாவது இரண்டு வெள்ளைக்காரர்கள் வழி தவறி அங்கே வருவார்கள். வந்தவர்கள் போக மனமில்லாமல் இரண்டு நாள் தங்குவார்கள். காலையில் கரைவலை இழுக்கிறவர்களின் பாட்டு, மத்தியானத்தில் படகு நிழலில் தூங்குகிற நாய்கள், பூட்டு என்ற ஒன்றையே பார்த்திராத ஓலைக் கதவுகள். என்ன ஒரு நிம்மதியான இடம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நிம்மதி எங்கேயிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஜீவராணிக்குத் தெரியும். அந்த ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே வந்து சேர்ந்தபோது கையில் ஒரு பை இருந்தது. இடது தோள்பட்டை எலும்பு விலகிப்போயிருந்தது. மீனவர்களுக்குச் சோறாக்கிப் போடும் ரிஸ்கா, கடலில் கணவனைப் பறிகொடுத்தவள், தன் கொட்டிலுக்கு முன்னால் வந்து நின்ற பொம்பிளையை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை. யார் அடித்தது என்று கேட்கவில்லை. "சோறு திண்டியா புள்ள?" என்று மட்டும் கேட்டாள்.

ஜீவராணி வந்தது மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் இடம் அது. வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கங்காணி கேட்பார், பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரி கேட்பாள், தண்ணிப் பீலியில் குடத்தோடு நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீட்டில் தாளிக்கிற வாசம் பன்னிரண்டு வீட்டுக்கும் போகும். அடி விழுகிற சத்தமும் அப்படித்தான். புருஷன் அழகர் அடித்த மறுநாள் ஊரே வந்து விசாரிக்கும். விசாரித்துவிட்டு, பொறுத்துப் போ என்று சொல்லிவிட்டுப் போகும். கேட்கிற வாய் ஆயிரம், தடுக்கிற கை ஒன்றுகூட இல்லை.

பதினாலு வயசு மகள் நிரஞ்சலாவை ஒரு மாசத்தில் வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் அவள் பஸ் ஏறினாள். பெண்ணுக்குப் பரீட்சை வந்தது. அழகர் விடமாட்டேன் என்றான். அப்புறம் பெண்ணே வரமாட்டேன் என்றாள். ஒரு மாசம் ஒரு வருஷமானது. விட்டுவிட்டு வந்தவள் என்ற பாரம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. மீன் வெட்டும்போதும் அது இருந்தது, நெத்தலி காயப்போடும்போதும் இருந்தது. ஆனால் அதைத் தோண்டிப் பார்க்க ஆமைமுனையில் ஒருத்தரும் இல்லை. அந்த ஒரு தயவில்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

நிரஞ்சலா பதுளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு போன் வாங்கினாள். மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி பாறையில் ஏறுவாள். பேச்சு நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்பதைத் தாண்டாது. இந்த வருஷம் ஆடியில்தான் தாண்டியது.

"அம்மா, ஆவணியில எனக்குக் கல்யாணம்."

மாப்பிள்ளை ரமணன், பதுளையில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். அவளாகப் பார்த்த மாப்பிள்ளை. ஜீவராணிக்குச் சந்தோஷத்தில் துள்ள வேண்டும்போல இருந்தது. பாறையில் நின்றுகொண்டு துள்ளினால் போன் அறுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ வரக் கூடாதும்மா."

"ஏன்டி?"

"நீ செத்துட்டேன்னு சொல்லியிருக்கோம்."

அலை ஒன்று வந்து அடித்துவிட்டுப் போனது. "எப்ப செத்தேன்?" என்று கேட்டாள் ஜீவராணி.

"ஏழு வருஷமாச்சு. மஞ்சக் காமாலை." நிரஞ்சலாவின் குரல் உடைந்தது. "ஓடிப்போனவ மகளை எடுக்க மாட்டாங்கம்மா. செத்துப்போனவ மகள்னா பாவம் பாத்து எடுப்பாங்க. தோட்டத்து ஆளுங்ககிட்டயும் அப்பா சொல்லி வச்சிட்டாரு. யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. நீயும் வந்து காரியத்தைக் கெடுத்துராத."

"சரி" என்றாள் ஜீவராணி.

அன்றைக்கு அடுப்பில் மீன் கருகியது. ரிஸ்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு வருஷத்தில் முதல்முறையாக ஜீவராணி வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள். மகள் தலையில் கை வைத்து நல்லா இரு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது போதும் என்றாள். தன்னை யாராவது அடையாளம் கண்டால் அந்தக் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும் என்றும் சொன்னாள்.

ரிஸ்கா எழுந்து தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். "என்ட கறுப்பு அபாயா ஒண்டு இரிக்கி. தலைக்கு முக்காடும் போட்டு, வாயில மாஸ்க்கும் மாட்டினா ஒன்ன பெத்தவளுக்கும் தெரியா. நானும் வாறன், ஒண்டுக்கும் பயப்புடாத."

இரண்டு பேரும் முதல் நாளே பதுளைக்குப் போய் ரிஸ்காவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். காலையில் கோயில் மண்டபத்துக்குள் நுழையும்போது ஜீவராணி மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனால் மலையகத்துக் கல்யாணத்தில் இரண்டு முஸ்லிம் பெண்கள் வந்து உட்கார்ந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. எல்லோரும் கடைத்தெருவில் பழகுகிறவர்கள்தானே. பெண் வீட்டார் அவர்களை மாப்பிள்ளையின் கடைப் பழக்கம் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்துக் கடைக்காரர் வீட்டு ஆட்கள் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் வாங்க வாங்க என்றது. சந்தனமும் கல்கண்டும் வந்தது.

மணவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் ஜீவராணி இருந்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மல்லிகை மாலை சூட்டி, முன்னால் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். அழகர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். குடித்திருக்கவில்லை. முடி முழுக்க நரைத்துப்போயிருந்தது. துண்டு நுனியால் கண்ணாடியில் இருந்த தூசியை மெதுவாகத் துடைத்துவிட்டான். கூட இருந்த காலத்தில் அவள் கண்ணீரைக்கூட அவன் அப்படித் துடைத்ததில்லை. ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது.

சிவப்புக் கூறைச்சேலையில் நிரஞ்சலாவைக் கூட்டி வந்தார்கள். பெண் வளர்ந்துவிட்டாள். கழுத்தும் நடையும் வேறு யாரோ போல இருந்தது. மணவறையில் ஏறுவதற்கு முன்னால் படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டாள். விழுந்தவள் எழும்பவில்லை. தோள் குலுங்கியது. பெண்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எந்தத் தாயை நினைத்து அழுகிறாள் என்று ஜீவராணிக்கு விளங்கவில்லை. செத்தவளையா, ஓடியவளையா? முகத்தில் கட்டிய மாஸ்க் நனைந்து மூச்சு முட்டியது.

தாலி ஏறியது. எல்லோரும் எழும்பி அட்சதை போட்டார்கள். ஜீவராணியும் போட்டாள். கடைசி வரிசையில் நின்று போட்டதால் அவள் அரிசி முன்வரிசைக்காரர்களின் தலையில்தான் விழுந்தது.

"போவம் புள்ள. கண்ணால பாத்தாச்சுல்ல?" என்று ரிஸ்கா கையைப் பிடித்து இழுத்தாள். ஜீவராணி அசையவில்லை. தலையில் கை வைக்காமல் போக அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா அன்னலட்சுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷி. அதுதான் வினையாகிப்போனது.

"நீங்க மடுல்சீமையில இருந்துங்களா?"

"ஆமாங்க."

"அப்ப பொண்ணோட அம்மாவத் தெரிஞ்சிருக்குமே. எப்பிடிப்பட்டவங்க?"

ரிஸ்கா அவள் முழங்காலை அழுத்தினாள். ஜீவராணி அந்தக் கையை விலக்கிவிட்டு, "கெட்டவ இல்லீங்க" என்றாள். "ஆனா புள்ளைய விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

"அதுக்கு அவங்க என்னங்க செய்வாங்க? சாவு நம்மளக் கேட்டுக்கிட்டா வருது?" அன்னலட்சுமி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "தாயில்லாப் புள்ள. நான் நல்லாப் பாத்துக்குவேன். வருஷா வருஷம் அந்தம்மாவுக்குத் திதி குடுக்கணும்னு எம் மகன்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

பெண்ணும் மாப்பிள்ளையும் வரிசை வரிசையாகப் பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டு வந்தார்கள். பின்னால் அழகர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். இவர்களிடம் வந்தபோது முஸ்லிம் பெண்கள் என்று கைகூப்பிவிட்டு நகரப் பார்த்தார்கள். அன்னலட்சுமி மருமகளைப் பிடித்து நிறுத்தினார்.

"இரும்மா. இந்த ராத்தாவுக்கு உங்கம்மாவத் தெரியுமாம். உங்கம்மா இடத்துல வச்சு ஆசீர்வாதம் வாங்கிக்க."

நிரஞ்சலா நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. மஞ்சள் பூசிய முகம் வெளிறிப்போனதை ஜீவராணி பார்த்தாள். இரண்டு முழம் தூரத்தில் தலை. கை தானாக எழும்பியது.

"வேணாம் அத்தை" என்றாள் நிரஞ்சலா. குரல் பிசிறவில்லை. "அம்மாகிட்ட அப்பவே வாங்கிட்டேன்." நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பிக் காட்டினாள். அப்புறம் இவர்களைப் பார்த்துக் கைகூப்பி, மற்றவர்களுக்குச் சொன்னதையே சொன்னாள்: "வந்ததுல ரொம்ப சந்தோஷம். சாப்பிட்டுட்டுப் போங்க."

அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்னலட்சுமி சங்கடப்பட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க, அம்மா நெனப்புல இருக்கா" என்றார். தப்பில்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஜீவராணி எழுந்தாள். பந்தியில் உட்கார வழியில்லை. வாயைத் திறக்க வேண்டுமென்றால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். தன் மகள் கல்யாணத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கோபம் வந்தது. பெற்ற வயிறு எரிந்தது. கல்நெஞ்சுக்காரி, ஒரு தடவை குனிந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று மனசுக்குள் திட்டினாள். பதுளை டவுன் மறைவதற்குள் அந்தக் கோபமும் நிற்காமல் போனது. குனிந்திருந்தால் அவள் எழும்பியிருக்க மாட்டாள். காலைக் கட்டிக்கொண்டு அம்மா என்று கத்தியிருப்பாள், எல்லாம் முடிந்திருக்கும். அது தெரிந்துதான் பெண் குனியவில்லை. பிழைத்துக்கொள்வாள். தாயை இரண்டாம் தடவையும் சாகடித்துவிட்டுத் தன் வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொண்டாள். தாய் அவளுக்குச் செய்ததும் ஏறக்குறைய அதுதானே.

பசறை தாண்டி வளைவுகளில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தபோது ஜீவராணி மாஸ்க்கைக் கழற்றினாள். "நல்லா இரு" என்று சத்தமாகச் சொன்னாள். முன் சீட்டில் இருந்த சிங்களப் பெண் திரும்பிப் பார்த்தாள். டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டரும் பார்த்தான். ரிஸ்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜீவராணி மறுபடியும் சொன்னாள்.