மாலை போட்ட படமும் மெதுவாகச் செய்யச் சொன்ன சூப்பர்வைசரும்

இன்று காலை எங்கள் சூப்பர்வைசர், பாக்கெட் போடும் பெண்களைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா செய்யுங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்!

நான் பக்கத்தில்தான் நின்றேன். (ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை வேறெங்கே கொண்டு போவது?)

தெரியாதவர்களுக்கு: மலேசியாவில், ஈப்போ நகரின் புந்தோங் பக்கம் முறுக்கு, கடலை பாக்கெட் போடும் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். உதவியாளராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வேலை நிரந்தரமாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறாவது மாதம் இதுதான்.

எங்கள் முதலாளி சீனர். அவரை நாங்கள் தவுக்கே என்போம். சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டார். (அவர் பேசியது மலாயில். தமிழில் தருகிறேன்.)

"பேக்கிங் லைன்ல உற்பத்தி ஏறணும். ஏறுனா நீ பெர்மனன்ட். ஏறலன்னா..."

மிச்சத்தைச் சொல்லாமல் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

பாராட்டினால் மனிதர் இன்னும் உழைப்பார் என்று படித்திருந்தேன். ஆகவே, 'மாதத்தின் சிறந்த ஊழியர்'! அதிகப் பெட்டி போட்டவரின் படம் வாசல் சுவரில் தொங்கும்.

தவுக்கேவுக்கு ஒரே குஷி. பழைய ஈப்போ என்றால் அவருக்கு உயிர்.

"கலர் வேணாம். 1920-ல எடுத்த போட்டோ மாதிரி இருக்கட்டும்."

முதல் பரிசு சரோஜா அக்காவுக்கு. ஆரஞ்சு ரவிக்கையில் சிரித்துக்கொண்டிருந்த அக்கா, பழுப்பு நிறமாகிக் கறுப்பு மரச் சட்டத்துக்குள் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். தவுக்கே தாமே கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் மல்லிகை மாலை வாங்கி வந்தார். படத்துக்குப் போட்டார். கீழே ஒரு குட்டிச் சிவப்பு பல்பு வேறு!

நான் பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டும்.

"வெரி நைஸ், பாஸ்" என்றேன்.

மறுநாள் காலை செக்யூரிட்டி அண்ணன் படத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நல்ல மனுசி. எப்ப தவறுனாங்க?"

பின்னாலிருந்து சரோஜா அக்கா குரல்: "நேத்து ஓ.டி. முடிச்சிட்டு நல்லாத்தாண்ணே வீட்டுக்குப் போனேன்!"

அடுத்த மாதம் யாரும் முதலிடம் வரத் தயாரில்லை.

"கமலா, நீ எத்தன பெட்டி?"

"நாப்பது."

"அப்ப நான் முப்பத்தொம்பதோட நிறுத்திக்கிறேன். நான் இன்னும் பேரப்பிள்ள பாக்கணும்லா."

இதைக் கேட்ட கமலா அக்கா, ஒட்டிய பெட்டி இரண்டைப் பிரித்துப் பாக்கெட்டுகளைத் திரும்ப மேசையில் கொட்டினார்!

உற்பத்தி சரிந்தது. தவுக்கே மறுபடி ஃபேனைப் பார்த்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரோஜா அக்காவிடம் போனேன்.

"அக்கா, என் வேல போயிரும் போலருக்கு."

"ஏம்மா, மால போட்டா என்ன அர்த்தம்னு அந்த மனுசன்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"பயமா இருந்துச்சுக்கா."

அக்கா லைனின் கோடியைப் பார்த்தார். அங்கே சூப்பர்வைசர் மணியம் அண்ணன். யார் கழிவறைக்குப் போனாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர். நாள் முழுக்க "செப்பாட்! செப்பாட்!" என்று சீக்கிரப்படுத்துபவர்.

"லைன் டார்கெட்ட தாண்டுனா சூப்பர்வைசர் படத்த மாட்டச் சொல்லும்மா. பாவம், ஓடி ஓடி உழைக்கிறாரு."

அக்கா முகத்தில் துளி சிரிப்பில்லை. போய்ச் சொன்னேன். தவுக்கே உடனே சம்மதித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

திங்கட்கிழமைகூட யாரும் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுக்கவில்லை! எடுத்தால் அன்றைய கூத்தைப் பார்க்க முடியாதே. சாப்பாட்டு நேரம் முடியுமுன்பே எல்லோரும் மேசைக்கு வந்துவிட்டார்கள். காய்ச்சலோடு வந்த ஒருவரை நான்தான் வீட்டுக்கு அனுப்பினேன். (கோபித்துக்கொண்டு போனார்.)

"அண்ணே, உங்களுக்கு மல்லி புடிக்குமா, ரோசா புடிக்குமா?"

"வேலயப் பாருங்கம்மா! எங்கம்மா பாத்தா நெஞ்சு வெடிச்சிரும்."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்கண்ணே, தெறப்பு விழாவுக்கு!"

இன்று மாதக் கடைசி. காலையில் இன்னும் எண்பது பெட்டிதான் பாக்கி. அப்போதுதான் மணியம் அண்ணன் கும்பிட்டார்.

"கொஞ்சம் மெதுவா செய்யுங்கம்மா. டாய்லெட்டு போய்ட்டு வாங்க. நான் மணி பாக்க மாட்டேன்."

"கடம இருக்குண்ணே" என்றார் சரோஜா அக்கா. "கமலா! செப்பாட்! செப்பாட்!"

பதினோரு மணிக்கெல்லாம் டார்கெட் தாண்டிவிட்டது.

தவுக்கே அறைக்குப் போனேன். மேசையில் என் நிரந்தரக் கடிதம். பக்கத்தில் புது மாலை. வாசலில் மணியம் அண்ணன், வெளிறிப்போய்.

இந்த முறை வாய் திறந்தேன்.

"பாஸ், மாலை வேணாம். செத்துப்போனவங்க படத்துக்குத்தான் நாங்க இப்படிப் போடுவோம்."

தவுக்கே கையில் பேனா அப்படியே நின்றது.

"அப்ப சரோஜா...?"

"ஆமா, பாஸ்."

மனிதர் எழுந்து ஓடினார்! வாசல் சுவரில் இருந்த படத்தின் மாலையை அவரே கழற்றி, பல்பைப் பிடுங்கி, சரோஜா அக்காவிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். மணியம் அண்ணன் படம் கலரில் மாட்டப்படும் என்று முடிவானது. அவருக்கு மூச்சு வந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

தவுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார். யோசித்தார்.

"போன மாசம் ஏன் எறங்குச்சுன்னு புரியுது. இந்த மாசம் ஏன் ஏறுச்சு? எழுதிக் குடு. சித்தியவான்ல இருக்குற நம்ம இன்னொரு ஃபேக்டரியிலயும் அதையே செய்யலாம். நாளைக்குக் காலையில ரிப்போர்ட், அப்புறம் கையெழுத்து."

'ஊழியர்களை உழைக்கத் தூண்டுவது எது?' தலைப்பு எழுதிவிட்டேன்.

முதல் வரி: 'குழு ஒற்றுமை.' பொய்யில்லை!

எதற்காக ஒன்று சேர்ந்தார்கள் என்பது இரண்டாவது வரி. அந்த ரிப்போர்ட்டை மணியம் அண்ணனும் படிப்பார்.

எச்.ஆர். நண்பர்களே, அந்த இரண்டாவது வரிக்குக் கௌரவமான வார்த்தை ஏதாவது இருக்கிறதா?