தோள் மாற்ற ஆள்

டோலினா ஓட்டிய முதல் வண்டி பள்ளிக்கூட வண்டி. தீவில் அவள் ஊரான போரவிக்கிலிருந்து புறப்பட்டுக் கடலோரமாகவே போய் ஐந்து ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். ஆரம்பத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது, அப்படிக் கூட்டம். கடைசி வருஷம் இரண்டே பிள்ளைகள். அதிலும் ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் மற்றது தனியாக உட்கார்ந்து போகும். பிறகு பள்ளியை மூடினார்கள். கட்டடத்தை எடின்பரோக்காரர் ஒருவர் வாங்கி, விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடாக்கினார். கரும்பலகையை மட்டும் கழற்றவில்லை. வருகிறவர்களுக்கு அது பிடிக்கிறதாம்.

வண்டி ஓட்டியே பழகிய உடம்பு வீட்டில் எத்தனை நாள் சும்மா கிடக்கும். கடலுக்கு அக்கரையில் இருந்த ஒரு சுற்றுலாக் கம்பெனியில் சேர்ந்தாள். பதினாறு பேர் உட்காரும் வண்டி, அவளே ஓட்டுநர், அவளே வழிகாட்டி. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மலை, ஏரி, இடிந்த கோட்டை, கப்பல், தீவு, திரும்பவும் முதலிலிருந்து மலை. கணவாய் உச்சியில் ஒருவன் தற்செயலாக நிற்பதுபோல் மழையில் நின்று, தோல்பையை அக்குளில் இடுக்கிப் பைக்குழல் ஊதுவான். அவனுக்குக் கம்பெனி கூலி. அதைத் தாண்டி ஒரு கறுத்த ஏரி. கல்யாணத்தன்று அதில் முழுகிச் செத்த பெண்ணின் கதையை டோலினா மைக்கில் சொல்லும்போது பின் சீட்டில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். அப்படி ஒரு பெண் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. ஏரி சும்மா கிடந்தால் யாரும் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை என்று டோலினாவே கொன்றுபோட்டவள் அவள்.

அண்ணன் டார்மடுக்கு இது தெரியும். சாயங்காலம் போன் பண்ணினால் முதல் கேள்வியே இதுதான்.

“இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னே?”

“ரெண்டுதாண்ணே. மழைல கோட்டைக்குப் போக முடியல, அங்க ஒருத்தன் தப்பிச்சான்.”

டார்மட் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பன் விட்டுப்போன வீட்டில் ஆடு வளர்த்துக்கொண்டு கிடந்தான். ஊரில் அவனுக்கென்று ஒரு வேலை இருந்தது. சாவு வேலை. செத்தால் தூக்க நாலு பேர் வேண்டும் என்பார்கள். போரவிக்கில் நாலு பேர் போதாது, கல்லறைத்தோட்டம் கடற்கரையில், இரண்டு மைல் தள்ளி. ஆறு பேர் தூக்க, மற்ற ஆண்கள் இரண்டு வரிசையாக முன்னால் நடப்பார்கள். ஓரமாக வரும் டார்மட் “மாத்து” என்று ஒரு குரல் கொடுப்பான். தோள் மாறும், கால் நிற்காது. வீட்டு வாசலில் தூக்கிய பெட்டி குழியருகேதான் தரையைத் தொடும். பெண்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு தேநீர் வைப்பார்கள். ஊரில் செத்த ஒவ்வொருவருக்கும் டார்மட் குரல் கொடுத்திருக்கிறான், அவனைப் பெற்றவர்களுக்கும் சேர்த்து.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் டோலி,” என்பான். “பொணம் ஏத்துற அந்தக் கறுப்புக் கார்ல மட்டும் ஏத்திடாதீங்க. ஊர்ல ஒருத்தரையும் நான் அதுல ஏத்தினதில்ல.”

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆட்டுப்பட்டியில் கதவைச் சாத்தப் போனவன் அங்கேயே விழுந்து செத்தான். வெள்ளிக்கிழமை அடக்கம் என்று ஊர் முடிவுசெய்தது. டோலினா அக்கரையில் இருந்தாள். கம்பெனி மேலாளர் கிரெய்க்குக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும், நல்ல பையன்.

“ரொம்ப வருத்தமா இருக்கு டோலினா. ஆனா ஜூலைல மாத்து ஓட்டுநருக்கு நான் எங்க போவேன்? எப்படியும் நீங்க வெள்ளிக்கிழமை அந்தத் தீவுலதானே இருப்பீங்க?”

அண்ணன் சாவுக்கு டோலினா பதினாறு பேரைக் கூட்டிக்கொண்டு போனது இப்படித்தான்.

வியாழனன்று துறைமுகத்தில் அவளுடைய சித்தப்பா மகன் ருவாரி நின்றுகொண்டிருந்தான். கிளாஸ்கோவிலிருந்து மூன்று மகன்களோடு வேனில் வந்திருந்தான், நாலு பேரும் தூண்போல. பெரிய கப்பல் பழுதாகிப் போய் சின்னக் கப்பல்தான் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்கு இடமில்லை, கால்நடையாக ஏறவும் சீட்டு இல்லை, எல்லாம் குளிர்காலத்திலேயே வெளியூர்க்காரர்கள் எடுத்து வைத்தது. காத்திருப்போர் வரிசையில் ருவாரியின் வேன் நிற்க, அதைத் தாண்டி டோலினாவின் வண்டி கப்பலில் ஏறியது.

“உன் வண்டி ஒண்ணு ஏறுற இடத்துல நாலு கார் ஏறலாம்க்கா,” என்றான் ருவாரி, ஜன்னல் பக்கம் வந்து. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். “போ, போ. சாயங்காலக் கப்பல்ல இடம் தரேன்னிருக்காங்க. வந்துருவோம்.”

மத்தியானம் காற்று எழும்பியது. சாயங்காலக் கப்பலை ரத்து செய்தார்கள், மறுநாள் காலைக் கப்பலையும்.

அன்று மாலை பயணிகளை ஓட்டலில் இறக்கிவிட்டு, டோலினா அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தாள். சபையின் மூப்பர் ஃபின்லே எதிரே இருந்தார். எழுபத்தெட்டு வயது, நெஞ்சில் சளி.

“ருவாரியும் வரல. பக்கத்து ஊர் ஆளுங்களையும் சேர்த்தா ஒன்பது பேர் தேறும் புள்ள,” என்றார். “அதுல ரெண்டு பேர் கையில கம்பு. காருக்குச் சொல்லி வச்சிருக்கேன்.”

“அண்ணன் அதுல போக மாட்டான் மாமா.”

“அவன் போறது அவன் கையிலயா இருக்கு?”

வெள்ளியன்று டோலினா போட்டிருந்த கணக்கு வேறு. கல்லறைத்தோட்டத்தைத் தாண்டி ஒரு வெள்ளை மணல் கடற்கரை. பயணிகளை அங்கே இறக்கிவிட்டால் ஒரு மணி நேரம் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் வீட்டுக்குப் போய் மற்றப் பெண்களோடு வாசலில் நின்று வழியனுப்பிவிடலாம். ஆனால் அன்று அடித்த மழையில் வண்டியை விட்டு யாரும் இறங்கவில்லை. மழை விடட்டும் என்று உள்ளேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கடற்கரையைப் பார்த்தாயிற்று, போகலாம் என்றார்கள். திரும்பி வரும்போது, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அந்தச் சாலையில், எதிரே அண்ணன் வந்துகொண்டிருந்தான்.

ஊர் வழக்கப்படி வண்டியை ஒதுங்குமிடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். மழைக்குள்ளிருந்து கறுப்புக் கோட்டுகள் வந்தன. ஆறு பேர் தோளில் பெட்டி. முன்னால் வரிசை என்று ஒன்றில்லை, ஃபின்லேயும் கம்பு ஊன்றிய இரண்டு பேரும்தான். குரல் கொடுக்க ஆளில்லை, கொடுத்தாலும் மாறத் தோள் இல்லை. பின்னால் கறுப்புக் கார் ஊர்ந்து வந்தது. வண்டிக்குச் சற்று முன்னால் பின்பக்கம் தூக்கி வந்த கிழவர் ஒருவருக்கு முழங்கால் மடங்கியது. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. சமாளித்து, தார்ச்சாலையில், மழைத் தண்ணீரில் இறக்கி வைத்தார்கள். காரிலிருந்தவன் இறங்கி, பின்கதவைத் திறந்து வைத்தான்.

கரும்பலகை வைத்த வீட்டின் மேலும், சின்னக் கப்பலின் மேலும், எல்லாவற்றையும்விடத் தன் கையிலிருந்த ஸ்டீயரிங்கின் மேலும் டோலினாவுக்கு ஆத்திரம் வந்தது. மைக்கை எடுத்தாள்.

“நேத்து நான் சொன்ன, ஏரில முழுகின பொண்ணு பொய். நான் கட்டின கதை. இது பொய்யில்ல. அந்தப் பெட்டில இருக்கறது எங்க அண்ணன். தூக்க ஆள் பத்தல. தெம்பு இருக்கற ஆம்பளைங்க இறங்கி வாங்க. யாரும் படம் எடுக்காதீங்க.”

பின்னாலிருந்து ஒருவர், “இதுவும் நிகழ்ச்சில சேர்ந்ததா?” என்று மெதுவாகக் கேட்டார். முதலில் எழுந்தவர் ஒஹையோவிலிருந்து வந்த வெர்னன், தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பின்னால் இன்னும் ஆறு பேர் இறங்கினார்கள். கறுப்புக்கு நடுவே மஞ்சளும் சிவப்புமாக மழைக்கோட்டுகள்.

“யாரு புள்ள இவங்க?” என்றார் ஃபின்லே.

“தோள் இருக்கறவங்க மாமா.”

“நம்ம பேச்சு இவங்களுக்குப் புரியாதே.”

“நான் சொல்றேன்.”

பெண் அங்கே நடந்ததில்லை. ஃபின்லே அவளைப் பார்த்தார், திறந்திருந்த கார்க் கதவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். டோலினா கம்பெனி கொடுத்த கட்டம் போட்ட சட்டையோடு அண்ணன் நடக்கும் ஓரத்தில் நடந்து, ஊர்ப் பேச்சான கேலிக்கில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, “மாத்து, மாத்து” என்று குரல் கொடுத்தாள். வெர்னனுக்கு இரண்டாவது முறையே பழகிவிட்டது. அதன்பிறகு பெட்டி தரையைத் தொடவில்லை. குழியையும் அவர்களே முறைபோட்டு மூடினார்கள்.

மண் தள்ளி முடிந்ததும் ஃபின்லே அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவன் மாதிரியே கத்துற,” என்றார். பிறகு மஞ்சள் கோட்டுகளைப் பார்த்துவிட்டு, “நானும் ஜூலைலதான் சாகணும் போல இருக்கு,” என்றார்.

டோலினா சிரித்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அடக்கி வைத்த அழுகையும் அதோடேயே வந்தது.

மாலையில் ஓட்டலில் வெர்னன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கப்பாவ நான் தூக்கல டோலினா. கூலிக்கு ஆளுங்கள வச்சுத்தான் தூக்கினோம். இந்தப் பயணத்துலயே எனக்கு இன்னைக்கு ஒரு நாள் போதும்.” கண் கலங்கித்தான் சொன்னார், அதில் பொய்யில்லை. பக்கத்தில் அவர் மனைவி லோரைன், வண்டி ஜன்னல் வழியாகப் போனில் பிடித்ததை மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். டோலினா பார்த்தாள். சண்டை போட அவளிடம் தெம்பில்லை.

ஜனவரியில் கிரெய்க் கூப்பிட்டான். அந்தப் படத்தை உலகமே பார்த்துவிட்டதாம், தீவுப் பயணத்துக்கு இடமே இல்லையாம்.

“எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. வெறும் பெட்டிதான், உங்க அண்ணன் விஷயம் இல்ல. மரியாதையாப் பண்ணலாம். கால் மைல் நடந்தாப் போதும், ஊர்க்காரங்களுக்குக் கூலி கொடுத்துடலாம். நீங்க ஓரமா நடந்து அந்தக் குரல் கொடுக்கணும்.”

“வெறும் பெட்டி எதுக்குத் தம்பி?” என்றாள் டோலினா. “ஊர்ல இன்னும் ஆறு கிழவங்க இருக்காங்க, ஏழாவதா நானும் இருக்கேன். எந்தெந்த வாரம் வேணும்னு சொல்லுங்க. முறை போட்டுச் செத்துக்கறோம்.”

கிரெய்க் விழுந்து விழுந்து சிரித்தான். “இதுக்குத்தான் உங்கள எல்லாருக்கும் பிடிக்குது,” என்றான்.

ஃபின்லே பிப்ரவரியில் செத்தார். காற்றில் கப்பல் நின்று மூன்று நாளாகியிருந்தது. பள்ளிக்கூட வீடும் மற்ற வாடகை வீடுகளும் இருட்டிக் கிடந்தன. நாலு பேர் பெட்டியை வாசலிலிருந்து வெளிக்கதவு வரைக்கும் கொண்டுவந்தார்கள், அதற்கு மேல் அவர்களால் முடியவில்லை. கார் அங்கே பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. டோலினா ஓரமாக நடந்தாள், குரல் கொடுக்க ஒன்றுமில்லை. முதல் வளைவு வரைக்கும் கார் அவளுக்கு ஏற்ற மாதிரி மெதுவாகத்தான் போனது. மழை வலுத்ததும் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, ஏறிக்கொள்ளச் சொன்னான். அவள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்லறைத்தோட்டம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது.