நாலு சில்லுக்கும் பூசிய எண்ணெய்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டிப் பலாலி வீதியில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. வாசலில் தொங்கும் பலகையில் 'பிறேக் வேலை மட்டும்' என்று எழுதியிருக்கும். எஞ்சின் இரைகிறது, கியர் விழவில்லை என்று போய் நின்றால் யசிந்தா அந்தப் பலகையைக் கையால் காட்டுவாள். மறுபடியும் கேட்டால், "வாசிக்கத் தெரியாதோ?" என்பாள். அதற்கு மேல் கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

முப்பத்து நாலு வயதில் ஒரு பெண் லொறிச் சில்லைக் கழற்றிக்கொண்டு குந்தியிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? 'பிறேக் யசிந்தா' என்று பட்டம் வைத்தது. கலியாணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் அவள் பிறேக் போட்டு நிறுத்திவிட்டாள் என்றும் சொல்லிச் சிரித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். யசிந்தாவின் விடயத்தில் அது பொய். கோபம் ஏற ஏற அவளுடைய கை திருத்தமாக வேலை செய்யும்.

அவளுக்குக் கோபம் வர ஒரு வசனம் போதும். "தங்கச்சி, இந்தப் பிறேக் லைனிங் இன்னும் ரெண்டு மாசம் கிடக்கும்தானே?" பஸ் முதலாளிகள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

"உங்கடை பிள்ளையளை இதிலை ஏத்தி அனுப்புவியளோ?" என்பாள் அவள். சிரிப்பு நின்றுவிடும்.

இந்தக் கோபத்துக்கு வயது பதினைந்து. அவளுடைய தகப்பன் சிமியோன் வான் சாரதி. சண்டையால் மூடிக் கிடந்த கண்டி வீதி திறந்த புதிதில் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே ஓய்வொழிச்சல் இல்லாமல் ஓடினார். வான் அன்புராஜா என்கிற முதலாளியுடையது. பரந்தனுக்குக் கிட்ட, நெல் மூட்டையோடு குறுக்கே வந்த உழவு இயந்திரத்தைக் கண்டு சிமியோன் பிறேக்கை மிதித்தார். அது பிடிக்கவில்லை. வானை மதகுப் பக்கம் திருப்பினார். பின்னால் இருந்த பதினொரு பேரும் காயத்தோடு இறங்கினார்கள். சிமியோன் இறங்கவில்லை. பொலிஸ் நிலைய முற்றத்தில் நசுங்கிக் கிடந்த வானின் சில்லைப் பத்தொன்பது வயது யசிந்தா தன் கண்ணால் பார்த்தாள். சில்லைப் பிடிக்க வேண்டிய லைனிங் முழுக்கத் தேய்ந்து ஆணித்தலைகள் பல்லிளித்துக்கொண்டிருந்தன.

அவள் பிறேக் தொழிலுக்குப் போனது இப்படித்தான். அவளுக்கென்று ஒரு கார் வந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னர். இணுவிலில் ஒருவர் வெளிநாடு போகும்போது மாட்டுக் கொட்டிலில் விட்டுப்போன இரண்டு கதவு ஹொண்டா ஸ்போர்ட்ஸ் கார் அது. அதைக் கட்டி இழுத்து அரியாலை வீட்டு வளவுக்குள் கொண்டுவந்தாள். தாய் நவமணி பார்த்துவிட்டு, "உதிலை கோழி அடைக்கலாம்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற பெடியள் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். புகைக்குழாயை வெட்டி ஊரை எழுப்புவார்கள். அடியில் நீல வெளிச்சம் பூட்டுவார்கள். பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்திய வீட்டு வீடியோவுக்கு வாடகைக்கு விடுவார்கள். யசிந்தா செய்தது இதற்கு எதிர்மாறு. பின் இருக்கை, பக்கத்து இருக்கை, கம்பளம், ஏசி, பாட்டுப் பெட்டி என்று எடையுள்ள எல்லாவற்றையும் கழற்றி எறிந்தாள். கார் புரண்டால் தலை தப்ப, உள்ளே இரும்புக் குழாயால் கூடு அடித்தாள். தோளையும் இடுப்பையும் இறுக்கும் பட்டி போட்டாள். சுருள்வில்லை மாற்றிக் காரைத் தாழ்த்தினாள். கடைசியாகப் பிறேக். எண்ணெய்க் குழாய்களை இரும்புப் பின்னல் போட்டதாக மாற்றினாள். எவ்வளவு சூடேறினாலும் முன் சில்லுத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிறேக் பாட் ஜப்பானிலிருந்து வர நாலு மாதம் எடுத்தது. சத்தம் மட்டும் பழையபடியே விட்டாள்.

"அக்கா, இவ்வளவு செய்து சத்தம் இல்லையே?" என்று ஒரு பெடியன் கவலையோடு கேட்டான்.

"சத்தம் வேணுமெண்டால் நான் கத்திறன், நீ கேள்" என்றாள்.

இவ்வளவும் ஒரு நாளுக்காக. தெற்கே, புத்தளத்துக்கும் அப்பால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓர் ஓட்டப்பாதை இருக்கிறது. வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீதியில் ஓடும் கார்களையும் அதில் விடுவார்கள். ட்ராக் டே என்று பெயர். யாரும் யாரையும் முந்தி வெல்ல வேண்டியதில்லை, பரிசும் இல்லை. உன் காரால் எவ்வளவு முடியும், உன்னால் எவ்வளவு முடியும் என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வேகமாகப் போய், வளைவுக்கு முன்னால் பிறேக்கை முழு மூச்சாக மிதித்து, அது பிடிப்பதைத் தன் உடம்பால் ஒரு தரம் உணர வேண்டும். யசிந்தாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. தாய்க்கும்தான்.

அந்த ஞாயிறும் கிட்ட வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கோபிசங்கர் என்கிற சிநேகிதன் லொறியோடு வந்து காரை ஏற்றுவதாக ஏற்பாடு. புதுப் பிறேக் பாட்களை முதலில் சூடேற்றிப் பழக்க வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கு அரியாலை கிழக்கில் கடல்நீரேரிப் பக்கம் போகும் வீதிக்குக் காரைக் கொண்டுபோனாள். அறுபதில் போய் மிதித்தாள்.

கார் நிற்கவில்லை. கால் கல்லில் வைத்தது போல் உறுதியாக இருந்தது, வேகம் மட்டும் குறையவில்லை. முன்னால் ஒரு மீன்காரர் சைக்கிளில் பெட்டியோடு வீதியைக் கடந்துகொண்டிருந்தார். யசிந்தா கைப்பிறேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, ஓரத்து மணலுக்குள் காரைப் புதைத்தாள். கைப்பிறேக் பின் சில்லுகளைத்தான் பிடிக்கும், அவற்றின் பிறேக் உருளைக்குள் மூடிக் கிடப்பது. அது பிடித்தபடியால் மீன்காரர் தப்பினார்.

"உனக்கென்ன விசரே பிள்ளை?" என்று அவர் நடுக்கத்தோடு கத்தினார். பிறகு ஆளை அடையாளம் கண்டு, "பிறேக் யசிந்தாவோ? உன்ரை காருக்கே பிறேக் இல்லையோ?" என்றார்.

பதினைந்து வருடத்தில் யாரும் அவளை இப்படி அவமானப்படுத்தியதில்லை. இறங்கி முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். வட்டத் தட்டிலிருந்து புகை வந்தது. அது பிறேக் மணம் இல்லை, தாச்சியில் எண்ணெய் கருகும் மணம். விரலால் தொட்டு மூக்கில் வைத்தாள். ஒலிவ் எண்ணெய். அவர்களுடைய வீட்டில் ஜெபித்துப் பூசும் அந்த எண்ணெய் ஒரு இடத்தில்தான் இருக்கும், தாயின் வேதாகமத்துக்குப் பக்கத்தில்.

ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தாள். நவமணி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! காரிலை ஆர் கை வைச்சது?"

"நான்தான் பிள்ளை. விடியக் காலமை எழும்பி ஜெபம் பண்ணி நாலு சில்லுக்கும் பூசினனான். சொன்னா விடமாட்டாய் எண்டுதான் சொல்லேல்லை." தாயின் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. "முன் சில்லுக்குள்ளை தட்டொண்டு மினுங்குதெல்லே, அதுக்கும் வடிவா ஊத்தினனான். அரைப் போத்தல் முடிஞ்சுது."

"அது பிறேக், அம்மா! அதிலை எண்ணெய் பட்டால் கார் நிக்காது! இப்ப ஒரு மனுசனைச் சாக்கொல்லப் பாத்திட்டு வாறன். உங்கடை ஜெபத்தாலை!" யசிந்தா கத்திய கத்தலில் அடுத்த வளவு நாய் குரைத்தது. "நாலு மாசம் காத்திருந்து எடுத்த பாட். எண்ணெய் குடிச்சால் எறியத்தான் வேணும். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்? நான் போகக்கூடாது எண்டோ?"

நவமணி துருவலையை விட்டு எழுந்தாள். அவளும் கோபக்காரிதான், பதினைந்து வருடமாக அதைக் காட்டாமல் இருந்தாள்.

"அப்பாவுக்குச் செய்யேல்லை. அதுதான் உனக்குச் செய்தனான்" என்றாள்.

"அப்பாவுக்கு என்ன செய்யேல்லை?"

"செத்த வீட்டிலை அன்புராஜா அண்ணை என்னட்டைச் சொன்னவர். வானுக்கு ஒருக்கா எண்ணெய் பூசி ஜெபிச்சிருந்தால் சிமியோன் இருந்திருப்பான், வீட்டிலை பொம்பிளை அசண்டையா, கவனமில்லாமல் இருந்தால் இப்பிடித்தான் எண்டு. நான் அசண்டையா இருந்திட்டன், பிள்ளை. அண்டையிலை இருந்து ஒரு வியாழக்கிழமையும் அவற்றை வீட்டு ஜெபக்கூட்டத்தை விடேல்லை. நேற்று அவர்தான் போத்தலைத் தந்து, நாலு சில்லுக்கும் பூசு எண்டவர்."

யசிந்தா பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற ஆட்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். கொன்றுவிட்டு, செத்தவனின் பெண்சாதி தலையில் பழியைப் போட்டு, அவளை வாரா வாரம் வரவழைத்துப் பிழை பொறுக்கச் சொல்லி அழவைத்த ஆளை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள்.

"அம்மா, அப்பா செத்தது பிறேக் இல்லாமல். லைனிங் முடிஞ்சு ஆணி தெரிஞ்சுது. நான் கண்ணாலை பாத்தனான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அன்புராஜா அண்ணைக்குத் தெரியுமோ?"

"அப்பா மூண்டு தரம் கேட்டவர். கடைசித் தரம் நானும் பக்கத்திலை நிண்டனான். ஒருநாள் வானை நிப்பாட்டித் தாங்கோ, லைனிங் போடுவம் எண்டவர். பாதை திறந்து இப்பத்தான் சனம் அள்ளுப்படுது, பொங்கல் முடியட்டும் எண்டார் அவர்."

நவமணி மகளையே பார்த்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"செத்த வீட்டிலை கத்திச் சொன்னனான். மாமா என்ரை வாயைப் பொத்தி வெளியாலை கொண்டுபோனவர். நீங்கள் உள்ளுக்கை இருந்து கேட்டிருப்பியள் எண்டு நினைச்சன்."

ஒரே கூரைக்குக் கீழே பதினைந்து வருடம். ஒருத்தி பிறேக் என்று ஓடினாள், மற்றவள் எண்ணெய் என்று ஓடினாள். ஒரு நாள் இருந்து கதைத்திருந்தால் இவ்வளவும் இல்லை. துக்கத்தைக் கதைக்காமல் விடுவதுதான் மரியாதை என்று சொல்லித் தந்தவர்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நவமணி கையைக் கழுவினாள். ஆலயத்துக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டினாள். மிச்ச அரைப் போத்தலைக் கையில் எடுத்தாள்.

"ஸ்கூட்டியை எடு" என்றாள்.

அன்புராஜாவின் வீட்டுக் கேற் திறந்துதான் கிடந்தது. ஒரு வானாக இருந்தது இப்போது ஐந்து பஸ்களாகிவிட்டது. அவர் விறாந்தையில் கதிரை போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முற்றத்தில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று யசிந்தா எத்தனையோ தரம் மனதுக்குள் எழுதி வைத்திருந்தாள். இரண்டு மணித்தியாலம் ஏசலாம், அவ்வளவு இருந்தது.

"வாங்கோ நவமணி. மகள் வெளிக்கிட்டாச்சோ? பூசினனீங்கள்தானே?" என்றார் அவர்.

நவமணி இருக்கவில்லை. போத்தலை அவருடைய கதிரைக் கையில் வைத்தாள்.

"அண்ணை, என்ரை மனுசன் உங்களிட்டை எண்ணெய் கேக்கேல்லை. லைனிங் கேட்டவர்."

அன்புராஜாவின் பார்வை யசிந்தாவிடம் போய், திரும்பி நிலத்துக்கு வந்தது. "அது, நவமணி... கர்த்தருடைய சித்தம்..."

"கர்த்தரை இதுக்குள்ளை இழுக்காதையுங்கோ. அவரிட்டை வான் இருக்கேல்லை. உங்களிட்டைத்தான் இருந்தது." குரல் உயரவே இல்லை. "பதினைஞ்சு வருசம் உங்கடை முன்னாலை முழங்காலிலை நிண்டு நான் கொலைகாரி எண்டு அழுதனான். பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

நவமணி திரும்பி நடந்தாள். யசிந்தா எழுதி வைத்திருந்த ஏச்சு அத்தனையும் அப்படியே கிடந்தது. அதில் ஒரு சொல்லும் இனித் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் எண்ணெய் குடித்த பாட்களைக் கழற்றினாள். உரஞ்சி, நெருப்பில் காட்டி, திரும்பப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாடிக்கையாளர் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் பலகையைக் கழற்றி அடித்திருப்பாள். தனக்கு என்றதும் யோசனை வருகிறதே என்று தன்மேலேயே எரிந்து விழுந்து, அவற்றைக் குப்பை வாளிக்குள் எறிந்தாள். மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய வீதிப் பாட்களை எடுத்தாள். பாதி தேய்ந்தவை, ஆனால் சுத்தமானவை. மூன்று சுற்று ஓடினால் ஒரு சுற்று ஆறவிட வேண்டும். முழு மூச்சாக ஓட முடியாது, ஆனால் ஓடலாம். தட்டுகளைக் கழுவித் துடைத்துப் பூட்டி முடிக்க மத்தியானம் ஒன்றரை மணியாகிவிட்டது. கோபிசங்கரின் லொறி அரை மணித்தியாலம் முந்தியே வளவுப் படலையில் வந்து நின்றது.

"ஏத்துவமோ?" என்றான் அவன்.

"பொறு தம்பி" என்றாள் நவமணி. இன்னும் வெள்ளைச் சேலையோடுதான் இருந்தாள். மகளிடம் திரும்பினாள். "உதைப் போட்டு நிப்பாட்டிப் பாத்தனியோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப வா. காலமை கார் நிக்காத இடத்திலை நான் போய் நிக்கிறன். என்ரை கண்ணுக்கு முன்னாலை நிப்பாட்டிக் காட்டு."

"உங்களுக்கென்ன விசரே அம்மா? நடுறோட்டிலை நிண்டால் நான் கார் எடுக்கமாட்டன்!"

"ஓரத்திலை நிக்கிறன். ஆனால் பாக்காமல் விடமாட்டன். ஒருத்தரைப் பாக்காமல் அனுப்பினது போதும்."

நவமணி கோபிசங்கரின் பின்னால் ஸ்கூட்டியில் ஏறிப் போய், காலையில் சில்லுப் பதிந்த மணலுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றாள். யசிந்தா மெதுவாக மிதித்து மிதித்துப் பார்த்துப் பிறேக்கைப் பழக்கினாள். பிறகு தூரத்தில் காரைத் திருப்பி, அறுபதில் வந்தாள். வெள்ளைச் சேலை பெரிதாகிக்கொண்டு வந்தது. மிதித்தாள். பட்டி நெஞ்சை இறுக்கியது, மூக்கு நிலத்தில் முட்டுவது போல் தாழ்ந்து கார் நின்றது. தாய் நின்ற இடத்துக்கு இன்னும் பதினைந்து முழம் இருந்தது.

யசிந்தா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். நவமணி நடந்து வந்து, குனிந்து, முன் சில்லுக்குள் மினுங்கிய தட்டை வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. பிறகு கண்ணாடியில் தட்டினாள்.

"ஓம்" என்றாள். "இப்ப போ."