மேடா, குழியா?

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்த சுகிர்தாவுக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். லயத்தில் யார் அதைக் கவனிக்கப்போகிறார்கள்! வேலைக்கான கண் பரிசோதனையிலும் வலது கண்ணைப் பொத்திய விரலிடுக்கால் பார்த்து எழுத்தெல்லாம் சொல்லித் தப்பித்துவிட்டாள்.

கிடைத்த வேலையைப் பாருங்கள்! பேராதனையில் ஓர் ஆய்வுகூடம். வெளிநாட்டிலிருந்து எக்ஸ்ரே படங்கள் வரும். தலைமுடித் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள துகளை, நம் இரு கண்களைப்போல, இரண்டு கோணத்தில் ஒரே நேரத்தில் எடுத்த படங்கள். இரண்டையும் ஒன்றாக்கி, சிவப்பு நீல அட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் மேடுபள்ளம் எழுந்து நிற்கும். இரண்டு கண்ணும் ஒழுங்காக இருந்தால்தான்.

முதல் நாள் கண்ணாடி போட்ட எல்லோரும் "அடேயப்பா!" என்றார்கள். சப்பட்டையாகத் தெரிந்த படத்தைப் பார்த்து அவளும் "அடேயப்பா!" என்றாள். அந்த ஒரு சொல் அவளைக் கட்டிப்போட்டது. அன்றிலிருந்து, யாரும் பார்க்காதபோது இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, புள்ளிகள் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளந்தே ஆழத்தைச் சொன்னாள். சொன்னது ஒருமுறையும் பிழையாகவில்லை. அதுதான் வினையாயிற்று.

படங்களை அனுப்பியவர்கள் நேரில் வருவதாக இருந்தது. ஆய்வுகூடத் தலைவர் சயந்தன், யாழ்ப்பாணத்துக்காரர், "சுகிர்தா பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

"சார், எனக்கு வந்து…"

"பயப்பிடாதேங்கோ. உங்கட கண்ணை நம்பித்தான் நான் அவையளுக்கு ஓம் எண்டு சொன்னனான்."

இதற்குமேல் எப்படி வாயைத் திறப்பது? காட்டப்போகும் படத்தை முந்தின நாளே அளந்து, நடுவில் இருப்பது மேடு என்று மனப்பாடம் செய்துகொண்டாள். மறுநாள் விருந்தாளிகள் முன்னால் அட்டைக் கண்ணாடியை அவசரமாக எடுத்து மாட்டினாள்.

"நடுவில இருக்கிறது மேடோ, குழியோ?" என்று சயந்தன் கேட்டார்.

"மேடு சார்!"

விருந்தாளிகள் தலையாட்டினார்கள். சயந்தன் மட்டும் அவள் முகத்தையே பார்த்தார். அவர்கள் தேநீருக்குப் போனதும் கிட்ட வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கண்ணாடியை முன்பின் மாறிப் போட்டிருக்கிறீங்கள். சிவப்பு மற்றக் கண்ணுக்கு வந்திட்டுது. அப்பிடிப் போட்டால் மேடெல்லாம் குழியாத்தான் தெரியும், பிள்ளை."

சரியான பதிலைச் சொல்லியா மாட்டிக்கொள்ள வேண்டும்!

"உங்களுக்கு ஆழம் தெரியாதெண்டு முதல் நாளே ஏன் சொல்லேல்லை?"

சுகிர்தா கண்ணாடியைக் கழற்றாமலே அழுதாள்.

"எல்லாரும் அடேயப்பான்னாங்க சார். நானும் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எப்புடி சார் சொல்றது?"